ஏற்றம் பரவாயில்லை

செப்டம்பர் 4

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நானும் அத்தானும் சௌக்கியம். உன் உடம்பு எப்படி இருக்கிறது? வேளைக்குச் சாப்பிடுகிறாயா? படுத்தால் தூக்கம் வருகிறதா?

இதையெல்லாம் போனில் கேட்கக்கூடாதா என்பாய். போன ஞாயிற்றுக்கிழமை நாம் பேசியதை நினைத்துப் பார். பேசியது முழுக்க நான், நீ சொன்னது வெறும் 'ம்'. நடுவில் ஒரு தடவை 'ம்ம்' என்றாய். "பரவாயில்லையே, இன்னைக்கு ரெண்டு எழுத்து பேசிட்டானே" என்றார் அத்தான். 'ம்' என்று எழுதி அதற்கு ஸ்டாம்ப் ஒட்ட உனக்கே வெட்கமாக இருக்கும். அதனால் இனிமேல் கடிதம்தான்.

உன் மனைவி இறந்துபோய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. நீ மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு அந்த மலை நகரத்துக்குக் கிளம்பியபோது, இடம் மாறினால் மனசும் தேறும் என்றுதான் நாங்களும் நினைத்தோம். டாக்டரைப் பார்த்தாயாமே, உன் மேனேஜர் சொன்னார். மாத்திரையோடு தினமும் நடக்கவும் சொன்னாராம். நடக்கிறாயா? அங்கே எந்தத் தெருவுக்குப் போனாலும் படிக்கட்டுதான் என்கிறார்கள். ஊருக்கெல்லாம் லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவன் படியேறி மூச்சு வாங்குவதைப் பார்க்க டிக்கெட்டே போடலாம்.

போன மாதம் நீ அனுப்பிய நாலு வரியில், "ஒரு அரையில் தனியாக இருக்கிறேன்" என்று இருந்தது. அரையில் எப்படியடா இருப்பாய்? அறை. வல்லின ற. பள்ளிக்கூடத்திலிருந்தே உனக்கும் இந்த இரண்டு எழுத்துக்கும் ஆகாது. அச்சகத்தில் உட்கார்ந்து ஊரார் பிழையைத் திருத்திச் சம்பளம் வாங்குகிறவளுக்கு வாய்த்த தம்பி இப்படி.

உன் மகளைப் பற்றிக் கவலை வேண்டாம். வாண்டு எங்களிடம் சந்தோஷமாக இருக்கிறாள், ஒரு குறையும் இல்லை.

பதில் போடு. இல்லையென்றால் நேரில் வந்து நிற்பேன்.

உன் அக்கா

செப்டம்பர் 21

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பியின் வணக்கம். நலம் என்று எழுதினால் நீ நம்ப மாட்டாய், அதனால் உயிரோடு இருக்கிறேன் என்று எழுதுகிறேன். அத்தானின் இருமல் நின்றதா? ஸ்கூட்டர் ஒழுங்காக ஸ்டார்ட் ஆகிறதா? நீ கண்ணாடி மாற்றிவிட்டாயா? உனக்குப் பயந்து, ர-வோ ற-வோ வருகிற இடத்திலெல்லாம் அகராதியைப் புரட்டிப் பார்த்துத்தான் எழுதுகிறேன். இந்த ஒரு கடிதத்துக்கே மூன்று மாலை போய்விட்டது.

வேலை நேரத்தில் ஒன்றும் தெரிவதில்லை. லிஃப்ட் குழிக்குள் இறங்கிவிட்டால் டார்ச் வெளிச்சத்தில் தெரிகிற அளவுதான் உலகம். அறைக்கு வந்து உட்கார்ந்த பிறகுதான் தொல்லை. ஒரு ஷூவைக் கழற்றுவேன். அடுத்ததைக் கழற்ற மறந்துபோகும். விளக்குப் போட வேண்டிய நேரத்தில் பார்த்தால் ஒரு காலில் ஷூவோடு சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். டாக்டரிடம் இதைத்தான் சொன்னேன். "கழட்டினதையும் திரும்ப மாட்டிக்கிட்டு வெளிய போங்க" என்றார்.

போனேன். என் அறைக்குப் பின்னால் ஒரு சந்து, அதன் முடிவில் படிக்கட்டு. எத்தனை படி என்று கேட்காதே, எண்ணினால் ஏற முடியாது. இரண்டு பக்கமும் வீடுகள். ஒரு வீட்டின் கூரை என் முழங்கால் உயரத்தில் இருந்தது, அடுத்த வீட்டின் வாசல் என் தலைக்கு மேலே. நடுவில் கைப்பிடிக் கம்பி, எத்தனையோ கை பட்டு வழவழவென்று ஆகியிருந்தது. உச்சிக்குப் போனபோது மூச்சு இரைத்தது. இரைக்கும்போது வேறெதையும் நினைக்க முடிவதில்லை அக்கா. கொஞ்ச நேரம்தான். ஆனால் அந்தக் கொஞ்ச நேரம் நன்றாக இருந்தது. மறுநாளும் போனேன்.

இங்கே வந்த புதிதில் எல்லோரும் ஏற்றத்தைச் சொல்லித்தான் பயமுறுத்தினார்கள். ஏற்றம் பரவாயில்லை. இரக்கம்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அத்தானுக்கு என் அன்பு.

தம்பி

செப்டம்பர் 30

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் நலம். உன் கடிதம் பார்த்த சந்தோஷத்தில் எனக்கு இருந்த தலைவலியும் போய்விட்டது. உன் கையெழுத்தில் இவ்வளவு நீளமாக நான் எதையும் பார்த்ததில்லை. மூன்று தரம் படித்தேன், அத்தானுக்கு ஒரு தரம் உரக்கப் படித்துக் காட்டினேன். ஒற்றை ஷூ வந்த இடத்தில் கடிதத்தை அவரிடம் நீட்டிவிட்டேன். அவர் வாங்கி மீதியைப் படித்தார்.

ஆனால், அவ்வளவையும் சரியாக எழுதிவிட்டுக் கடைசியில் கோட்டை விட்டாயே! இரக்கம் என்றால் கருணை. கீழே இறங்குவது இறக்கம். இறக்கத்தில் எல்லோருக்கும்தான் முழங்கால் வலிக்கும். பக்கவாட்டில் காலை வைத்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கு. பார்சலில் முழங்கால் உறை இரண்டும் ஒரு களிம்பும் அனுப்பியிருக்கிறேன். களிம்பு நாற்றமடிக்கும், அதற்காகப் போடாமல் இருந்துவிடாதே.

அத்தானின் ஸ்கூட்டரை விசாரித்திருந்தாய். நன்றாக ஓடுகிறது. நீ கேட்காவிட்டாலும் சொல்கிறேன், வாண்டுவும் நன்றாக ஓடுகிறாள். முன்பல் ஒன்று விழுந்துவிட்டது. மற்றபடி ஒரு குறையும் இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா

நவம்பர் 6

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். எல்லோரும் நலம்தானே? பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. காரணம் ஒன்றுமில்லை.

முழங்கால் உறை வந்தது. சரியான அளவு. நன்றி.

இப்போது ஒரே படிக்கட்டில் ஏறுவதில்லை. இந்த ஊரில் தெருக்களைவிடப் படிக்கட்டுகள் அதிகம். ஒவ்வொரு மாலையும் புதிதாக ஒன்று. சிலது ஒருவர் வீட்டுத் துணிக்கொடிக்குக் கீழே குனிந்து போகும். ஒன்று தையல்கடை வழியாகவே போகிறது, தைக்கிறவர் காலை மடக்கிக்கொண்டு வழி விடுகிறார். இதையெல்லாம் கட்டியவர்கள் யாரோ, அவர்களைப் பார்த்தால் கையைப் பிடித்துக்கொள்வேன். எங்கே மனுஷனுக்கு மூச்சு முட்டும் என்று தெரிந்து, சரியாக அந்தத் திருப்பத்தில் ஒரு படியை அகலமாக்கி பெஞ்சு போட்டிருக்கிறார்கள்.

சிலிண்டர் தூக்குகிறவர் ஒருவர் இருக்கிறார். தோளில் சிலிண்டரோடு அவர் ஏறும்போது யாரும் பேச்சுக் கொடுப்பதில்லை. பெரிய ஆபீசர்கூடச் சுவரோடு ஒட்டி நின்று வழி விடுகிறார். நானும் நிற்கிறேன். நாள் முழுக்க மோட்டாரும் கம்பிவடமும் எடை தூக்குவதைப் பார்க்கிறவன் நான். அந்த மனுஷர் திருப்பத்தில் உடம்பைத் திருப்பும் அழகு எந்த மெஷினுக்கும் வராது.

தபால் கொடுக்கிற அம்மா ஒருத்தி எல்லாப் படிக்கட்டிலும் எதிர்ப்படுகிறாள். நான் யார் என்று என் சட்டையில் உள்ள கம்பெனிப் பெயரைப் பார்த்துத் தெரிந்துகொண்டாள். "உங்க லிஃப்டை நம்பி நீங்களே ஏறலைன்னா, நாங்க எப்படி சார் ஏறுறது?" என்று கேட்டாள். பக்கத்தில் இருந்தவர்களெல்லாம் சிரித்துவிட்டார்கள். மறுநாளிலிருந்து எனக்கு 'படிக்கட்டு மெக்கானிக்' என்று பெயர்.

அத்தானின் இருமலுக்கு என்ன மருந்து சாப்பிடுகிறார்?

தம்பி

நவம்பர் 17

அன்புத் தம்பிக்கு,

இங்கே அனைவரும் சுகம். இருமல் போய்விட்டது, இப்போது அத்தானுக்கு வேறு வியாதி. உன் கடிதம் வந்ததிலிருந்து, ஆபீஸ் விட்டு வந்ததும் மொட்டை மாடிக்குப் படியேறி இறங்குகிறார். கேட்டால், "உன் தம்பி மட்டும்தான் ஏறணுமா?" என்கிறார். நானும் அச்சகத்தில் லிஃப்டை விட்டுவிட்டேன். உன் தொழிலுக்குச் செய்கிற துரோகம்தான், மன்னித்துவிடு.

எனக்கு உன்னை நினைத்துப் பெருமையாக இருக்கிறது. போன வருஷம் பல் தேய்க்கச் சொல்லியே உன்னை எழுப்ப வேண்டியிருந்தது. இன்று யாரோ சிலிண்டர் தூக்குகிற அழகை எனக்கு எழுதுகிறாய். எழுது, இன்னும் எழுது.

வாண்டு நன்றாக இருக்கிறாள். நன்றாகச் சாப்பிடுகிறாள், நன்றாகத் தூங்குகிறாள். வேறு விசேஷம் இல்லை.

உன் அக்கா

டிசம்பர் 19

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். உன் உடம்பும் அத்தான் உடம்பும் எப்படி? பனியில் அவரை மொட்டை மாடிக்கு அனுப்பாதே.

போன வாரம் ஒரு ஃப்ரிட்ஜ் ஏறியது. புதிதாகக் குடிவந்த ஒரு ஜோடிக்கு. நாலு பேர் தூக்கினார்கள், திருப்பத்தில் மாட்டிக்கொண்டது. மேலே போகிறவர்கள் மேலேயும் கீழே வருகிறவர்கள் கீழேயும் நின்றுவிட்டார்கள். ஆளுக்கு ஒரு யோசனை. "அந்தப் பக்கம் புடிங்க சார்!" என்று யாரோ அதட்டினார், நான் போய்ப் பிடித்தேன். "சாய்ங்க! சாயாதீங்க!" என்று ஒரே ஆள் இரண்டும் சொல்கிறார். ஒரு வீட்டம்மா தன் கேட்டையே கழற்றிக் கொடுத்தாள். அப்படியும் இப்படியும் சாய்த்ததில் ஃப்ரிட்ஜ் கதவு திறந்து, ஐஸ் தட்டு ஒன்று விழுந்து, படிபடியாகக் குதித்துக் கீழே கடைசிப் படி வரைக்கும் போயிற்று. அந்த மாப்பிள்ளை அதன் பின்னாலேயே ஓடினான். நான் சத்தமாகச் சிரித்தேன் அக்கா. யார் சிரிக்கிறார்கள் என்று நானே திரும்பிப் பார்த்தேன்.

இங்கே யாருக்கும் என் கதை தெரியாது. 'ஓரமா நில்லுங்க', 'கையக் கொடுங்க' என்றுதான் பேசுகிறார்கள். அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கு எழுதத் தெரியவில்லை.

அத்தானுக்கு அன்பு. ஸ்கூட்டருக்கு டயர் மாற்ற வேண்டும் என்றாரே, மாற்றினாரா?

தம்பி

ஜனவரி 11

தம்பிக்கு,

நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய்.

இன்று இரண்டாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தின் புரூஃப் மேஜைக்கு வந்தது. 'பொருள் வேறுபாடு அறிவோம்' என்று ஒரு பக்கம். அரை, அறை. இரக்கம், இறக்கம். என் பென்சில் அங்கேயே நின்றுவிட்டது.

நீ பிழை விடவில்லை, இல்லையா? அகராதி பார்த்துத்தான் எழுதுகிறேன் என்று அதே கடிதத்தில் சொல்லியிருந்தாய். பார்த்துத்தான் எழுதியிருக்கிறாய். நான்தான் மேதாவி மாதிரி உன்னைத் திருத்தி, முழங்காலுக்கு உறை அனுப்பினேன். நீயும் 'சரியான அளவு' என்று எழுதியிருக்கிறாய், படுபாவி.

இப்போது எல்லாம் புரிகிறது. இங்கே இருந்தபோது உன்னைப் பார்த்து 'ச்சு' கொட்டாதவர்கள் கிடையாது. கடைக்குப் போனால் பாவம், ஆபீசுக்குப் போனால் பாவம். நான் தட்டில் சாப்பாடு வைக்கும்போதுகூட உன் முகத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் வைத்தேன். அதிலிருந்துதான் ஓடினாய்.

சரி. இனி உன் மேல் இரக்கப்படுகிற வேலையை நிறுத்திவிட்டேன். இதைக் கேட்டுக்கொள்.

வாண்டு நன்றாகத் தூங்குகிறாள் என்று எழுதினேன். தூங்குகிறாள், என் விரலைப் பிடித்துக்கொண்டு. விரலை எடுத்தால் விழித்துக்கொள்கிறாள். நாலைந்து மாதமாக என்னை அம்மா என்று கூப்பிடுகிறாள். முதலில் தூக்கக் கலக்கத்தில், பிறகு பள்ளிக்கூட வாசலில், இப்போது எப்போதும். நான் திருத்தவில்லை. எழுத்துக்கு எழுத்து பிழை பார்க்கிறவள், இதை மட்டும் திருத்தவில்லை. எங்களுக்குக் குழந்தை இல்லை என்பது உனக்குத் தெரியும். அந்த வார்த்தை காதில் விழும்போது எனக்கு எப்படி இருக்கும் என்றும் உனக்குத் தெரிந்திருக்கும்.

போன வாரம் வகுப்பில் குடும்பப் படம் வரையச் சொன்னார்கள். என்னை வரைந்தாள், அத்தானை வரைந்தாள், ஸ்கூட்டரைக்கூட வரைந்தாள். "அப்பா எங்கடா?" என்றேன். "அப்பா போன்ல இருக்கார்" என்றாள். "போன்ல என்ன சொல்றார்?" என்றேன். "ம்" என்றாள்.

ஐந்து மாதமாகக் கடிதம் எழுதுகிறாய். ஸ்கூட்டர் டயரைக் கேட்டாய். அவளைக் கேட்கவில்லை. இன்னும் ஒரு வருஷம் போனால் அவளும் உன்னைக் கேட்க மாட்டாள். அப்படி ஆனால் எனக்குள்ளே எங்கேயோ சந்தோஷமாக இருந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. அதனால்தான் இன்றைக்கே எழுதுகிறேன்.

அக்கா

பிப்ரவரி 10

அன்புத் தம்பிக்கு,

உன் உடம்புக்கு ஒன்றும் இல்லையே? தினமும் தபால் பெட்டியைத் திறந்து பார்க்கிறேன். போன் அடித்தேன், நீ எடுக்கவில்லை. உன் மேனேஜர் நீ வேலைக்கு வருகிறாய் என்கிறார். அது போதும் என்று அத்தான் சொல்கிறார். எனக்குப் போதவில்லை.

எழுதியதை நான் திரும்ப வாங்கிக்கொள்ள மாட்டேன். ஆனால் திட்டியாவது ஒரு வரி எழுது.

உன் அக்கா

பிப்ரவரி 18

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். உடம்புக்கு ஒன்றும் இல்லை. நீ எப்படி இருக்கிறாய்?

உன் ஜனவரிக் கடிதத்தைத் தபால்கார அம்மா பாதிப் படியில் என் கையில் கொடுத்தாள். அங்கேயே நின்று படித்தேன். கோபம் வந்தது. என் மகளை எடுத்துக்கொண்டுவிட்டு எனக்கே கணக்குச் சொல்கிறாளே என்று வந்தது. பதில் எழுதிக் கிழித்தேன், மறுபடி எழுதிக் கிழித்தேன். ஒரு வரிகூட உனக்கு அனுப்புகிற மாதிரி இல்லை.

ஏறினால் மறந்துவிடும் என்று பழகியிருந்தேன். இந்தத் தடவை எவ்வளவு ஏறியும் மறக்கவில்லை. உச்சிக்குப் போனாலும் 'ம்' என்கிற அந்த எழுத்து முன்னால் வந்து நிற்கிறது. அவள் சிரிக்கும்போது அவள் அம்மா சிரிக்கிற மாதிரியே இருக்கும், உனக்கும் தெரியும். உன்னிடம் கேட்டால் எழுதுவாய். எழுதினால் நான் படிக்க வேண்டும். அதனால்தான் ஸ்கூட்டரைக் கேட்டேன்.

நேற்று திருப்பத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். தபால்கார அம்மாவும் பையை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தாள். எதற்கென்று தெரியவில்லை, "எனக்கு ஒரு பொண்ணு இருக்கா" என்றேன். இந்த ஊரில் யாரிடமும் சொன்னதில்லை. அவளுக்கு அம்மா இல்லை என்பதையும் சொன்னேன். சொல்லிவிட்டு, இதோ ஒரு 'ச்சு' வரப்போகிறது என்று காத்திருந்தேன்.

"என்ன வயசு?" என்றாள்.

"ஆறு முடியப் போகுது."

"அப்ப ஜூன்ல ஸ்கூல் சேக்கணுமே. மேல ஒரு ஸ்கூல் இருக்கு, கீழ ஒரு ஸ்கூல் இருக்கு. எதுல போடப் போறீங்க?"

யோசிக்கவே இல்லை அக்கா. "மேல" என்றேன்.

"மேல இருக்கறது நல்ல ஸ்கூல்தான். ஆனா சீட்டுக்கு மார்ச்லயே எழுதிக் கொடுக்கணும்" என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அவள் போன பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்பதே எனக்கு உறைத்தது.

என் மகளை எனக்குக் கொடு. உன்னிடமிருந்து பிடுங்குகிறேன் என்று தெரிந்தேதான் கேட்கிறேன். உன் மேல் இரக்கப்படாமல் கேட்கிறேன். வேறு எப்படிக் கேட்டாலும் நீ மதிக்க மாட்டாய்.

தம்பி

மார்ச் 3

அன்புத் தம்பிக்கு,

நான் சௌக்கியம். உன் கடிதத்தைப் படித்துவிட்டு மாடிக்குப் போய் அழுதேன். அழுது முடித்து முகம் கழுவிக்கொண்டு வந்து உன்னைப் பாராட்டினேன். அத்தான் சாட்சி.

பள்ளிக்கூடத்துக்கு எழுதிக் கொடு. பரீட்சை முடிந்ததும் நானே கூட்டி வருகிறேன். ஒரு வாரம் இருப்பேன், அதற்கு மேல் இருந்தால் உனக்கும் நல்லதில்லை, எனக்கும் நல்லதில்லை. அத்தான் வரவில்லை. ஸ்கூட்டரைத் தனியாக விட்டுவிட்டு எப்படி வருவது என்கிறார். அவரை ஒன்றும் கேட்காதே.

பால் சூடாக இருந்தால் குடிக்க மாட்டாள், ஆறிப்போனாலும் குடிக்க மாட்டாள். நடுவில் ஒரு நேரம் இருக்கிறது, அதைப் பிடிக்க உனக்குக் கொஞ்ச நாள் ஆகும். சிக்கெடுக்கும்போது பேசிக்கொண்டே இருக்க வேண்டும், நிறுத்தினால் வலிக்கும். இருட்டுக்குப் பயமில்லை, பலூனுக்குப் பயம்.

நேற்று தலை வாரும்போது முதல் தடவையாகச் சொன்னேன். "நான் உனக்கு அத்தைடா" என்றேன்.

"தெரியும்மா" என்றாள்.

உன் அக்கா

மே 4

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் இருவரும் நலம். நீ நல்லபடியாக வீடு போய்ச் சேர்ந்ததை அத்தான் போனில் சொன்னார். கால் வலி எப்படி இருக்கிறது? அந்த வாரம் முழுக்க எங்கள் படிகளில் நீ மூச்சு வாங்கியதற்கு இந்த ஊரே சாட்சி.

வாண்டுவைத் தூக்கிக்கொண்டு ஏறலாம் என்று நினைத்தேன். விட மாட்டேன் என்கிறாள். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று, யாராவது வந்தால் சுவரோடு ஒட்டிக்கொண்டு, "போங்க, போங்க" என்று வழி விடுகிறாள். பூனைக்கும் வழி விடுகிறாள். சிலிண்டர் அண்ணன் நேற்று இவளுக்காக நின்று சலாம் போட்டுவிட்டுப் போனார். அவர் சுமையோடு நின்று நான் பார்த்ததே இல்லை. பாலின் அந்த நடு நேரத்தை மூன்று தடவை பிடித்துவிட்டேன். நீ போன பிறகு முதல் இரண்டு நாள் என்னை முறை சொல்லாமல் "இங்க பாருங்க" என்று கூப்பிட்டாள். மூன்றாம் நாள் சிக்கெடுக்கும்போது நான் பேச்சை நிறுத்திவிட்டேன், "அப்பா, பேசு" என்றாள். பேசினேன். எனக்கு இவ்வளவு பேச வருமா என்று இருந்தது.

ஒன்று கேட்க வேண்டும். நீ கிளம்பிய அன்று நாங்கள் உச்சிப் படியில் நின்றோம். நீ பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினாய். பாதி தூரம் போனதும் இவள் "அம்மா!" என்று கத்தினாள். அவ்வளவு பெரிய குரல் அந்தச் சின்ன உடம்பில் எங்கே இருந்ததோ. படியில் போய்க்கொண்டிருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். தையல்காரர் எட்டிப் பார்த்தார். நீ ஒருத்திதான் திரும்பவில்லை. ஒரே சீராக இறங்கிப் போய்விட்டாய்.

நான் மனசு விட்டுப்போன நாட்களில் எத்தனையோ பேர் இந்தப் படிகளில் ஏறுவதைப் பார்த்து வியந்திருக்கிறேன். ஒருவர் இறங்குவதைப் பார்த்து வியந்தது அன்றுதான். ஆனால் இவளுக்கு அது புரியாது இல்லையா? தூங்கப் போகும்போது கேட்கிறாள், "நான் கூப்பிட்டது அவங்களுக்குக் கேக்கலையாப்பா?" என்ன சொல்வது?

தம்பி

மே 12

அன்புத் தம்பிக்கு,

இங்கே நானும் அத்தானும் நலம். கால் வலி போய்விட்டது. அத்தான் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறார், எதுவும் பேசாமல் சாப்பிடுகிறார். நானும் அப்படித்தான். கொஞ்ச நாளில் சரியாகிவிடும்.

உன் கடிதத்தில் வாண்டுவைப் பற்றி ஒரு பக்கம் நிறைய இருந்தது. ஸ்கூட்டரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அதை அத்தானிடம் சொல்லிச் சிரித்தேன். அவரும் சிரித்தார், பிறகு எழுந்து பல் தேய்க்கப் போய்விட்டார்.

கேட்டது தம்பி. நன்றாகவே கேட்டது. திரும்பியிருந்தால் அத்தனை படியையும் ஏறி வந்து அவளைத் தூக்கிக்கொண்டு போயிருப்பேன், நீ தடுத்திருக்க மாட்டாய்.

அவளிடம் இதைச் சொல்லாதே. அத்தைக்குக் காது கொஞ்சம் மந்தம் என்று சொல்லிவிடு.

உன் அக்கா